மூலிகைக்கு கேன்சர் கட்டியை அடக்குற சக்தி இருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்றாங்க? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி கொடியில இருந்து எக்ஸ்ட்ராக்ட் எடுத்து கேன்சர் செல் மேல போட்டு பாக்குற லேப்ல வேலை பாக்குறேன். அதனால சொந்தக்காரங்க, கூட படிச்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க, பாதி பேர் வீட்ல யாருக்காவது நோய் வந்த பதட்டத்துல கேக்குறாங்க, அந்த நேரத்துல போன்ல முழுசா சொல்ல முடியறதில்ல. அதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து பொறுமையா எழுதுறேன். நீளமாதான் இருக்கும், உங்களுக்கு வேணுங்கிற கேள்விக்கு நேரா போயிடுங்க.

மூலிகையில இருந்து நிஜமாவே கேன்சர் மருந்து வந்திருக்கா?

வந்திருக்கு, சந்தேகமே வேணாம். நம்ம வாசல்ல பூக்குற நித்தியகல்யாணியில இருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ரெண்டும் வந்துச்சு. அமெரிக்காவோட மேற்குக் கரை காடுகள்ல வளர்ற பசிபிக் யூ மரத்துப் பட்டையில இருந்து பாக்லிடாக்சல், டாக்சால்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும், மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் குடுக்குறாங்களே அதேதான். சீனாவோட காம்ப்டோதெகா மரத்துல காம்ப்டோதெசின், அதை மாத்தி அமைச்சு இரினோடெகான், டோபோடெகான். இமயமலையில வளர்ற போடோஃபில்லம் வேர்ல இருக்குற பொருளை அடிப்படையா வெச்சு எடோபோசைடு.

ஆனா ஒண்ணு பாருங்க, இதுல எதுவுமே இலையை அரைச்சு வெறும் வயித்துல குடிக்கிற மருந்து இல்ல. எல்லாமே ஒரு பொருளை மட்டும் தனியா பிரிச்சு, அளவு கட்டி, மில்லிகிராம் கணக்குல குடுக்குறது. செடிக்குள்ள சக்தி இருக்குங்குறதும், அந்த செடியை அப்படியே சாப்பிட்டா நோய் போகும்ங்குறதும் வேற வேற விஷயம், இந்தப் பக்கத்துல பாதி பதில் இதைச் சுத்தியேதான் வரும்.

நித்தியகல்யாணி கதை என்ன? சர்க்கரை நோய்க்கு தேடினப்போ கிடைச்சதுன்னு சொல்றாங்களே?

ஆமா, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஜமைக்காவுல இந்த இலையை டீ மாதிரி போட்டு சர்க்கரை நோய்க்குக் குடிப்பாங்க. அங்க இருந்த ஒரு டாக்டர் 1952ல கொஞ்சம் இலையை கனடாவுல கிளார்க் நோபிள்ங்குற டாக்டருக்கு அனுப்பி வெச்சாரு. அவரு ரிட்டயர் ஆகப்போற நேரம், அதனால வெஸ்டர்ன் ஒன்டாரியோ யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த தம்பி ராபர்ட் நோபிள்கிட்ட தள்ளிவிட்டாரு. ராபர்ட் நோபிள் இலைச்சாறை வாய் வழியா குடுத்துப் பாத்தாரு, சர்க்கரை குறையவே இல்ல. சரி ஊசியா போட்டுப் பாப்போம்னு எலிகளுக்குப் போட்டா, சர்க்கரை அப்பவும் அப்படியேதான் இருக்கு, ஆனா எலிங்க சில நாள்ல செத்துப்போகுது, அறுத்துப் பாத்தா உள்ள முழுக்க சீழ்க்கட்டி, பாக்டீரியா தொற்று.

வேற யாராவது இருந்தா விஷம்னு எழுதி மூடி வெச்சிருப்பாங்க. இவரு தொற்று ஏன் வந்துச்சுன்னு போய் ரத்தத்தை எண்ணிப் பாத்தாரு. வெள்ளை அணுக்கள் சரசரன்னு விழுந்திருக்கு, எலும்பு மஜ்ஜை காலி. வெள்ளை அணுவை இவ்ளோ வேகமா அழிக்குதுன்னா, வெள்ளை அணு கட்டுக்கடங்காம பெருகுற ரத்தப் புற்றுல இது என்ன பண்ணும்? அந்தக் கேள்விதான் எல்லாத்தையும் மாத்துச்சு. சார்லஸ் பீர்ங்குற கெமிஸ்ட் கூட சேர்ந்து 1958ல வின்பிளாஸ்டினை பிரிச்சு எடுத்து அறிவிச்சாங்க. அதே நேரத்துல எலி லில்லி கம்பெனியில கோர்டன் ஸ்வொபோடா குழுவும் இதே செடியை தனியா டெஸ்ட் பண்ணி, ரத்தப் புற்று வந்த எலிங்க அதிக நாள் உயிரோட இருக்குறதைப் பாத்தாங்க. அவங்க பிரிச்சு எடுத்த வின்கிறிஸ்டின் 1963ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற வகை ரத்தப் புற்றுல அதுக்கு முன்னாடி பொழைக்கிறதே அபூர்வம், இன்னைக்கு நல்ல வசதி இருக்குற இடங்கள்ல பத்துல ஒம்பது குழந்தைங்க பொழைக்கிறாங்க, பல மருந்து சேந்து சாதிச்சது, அதுல இந்த சுடுகாட்டு மல்லி மருந்துக்கும் பெரிய பங்கு இருக்கு.

இலையில இந்தப் பொருள் இருக்குற அளவு ரொம்ப ரொம்பக் கம்மி, ஒரு கிராம் எடுக்க நூத்துக்கணக்கான கிலோ காஞ்ச இலை வேணும். நம்ம தென் மாவட்டங்கள்ல மானாவாரி நிலத்துல இதை பயிராவே போடுறாங்க, மருந்துக் கம்பெனிங்களுக்காக.

அப்போ சர்க்கரைக்குன்னு சொன்ன பாரம்பரிய அறிவு தப்பா போச்சே?

அந்த ஒரு உபயோகம் அந்த டெஸ்ட்ல நிக்கல, அவ்ளோதான். ஆனா "இந்த செடி உடம்புல ஏதோ பண்ணுது"ன்னு காட்டிக் குடுத்தது அந்த மக்கள்தானே. லட்சக்கணக்கான செடியில எதை முதல்ல எடுக்குறதுன்னு லேப்ல உக்காந்திருக்குறவனுக்குத் தெரியாது, பாட்டி சொன்னது அங்கதான் விலைமதிப்பில்லாதது. எதை எடுக்கணும்னு அவங்க சொல்றாங்க, எதுக்கு வேலை செய்யும், எந்த அளவுல செய்யும்ங்குறதை டெஸ்ட்தான் சொல்லணும்.

ஒரு செடியை டெஸ்ட் பண்ணணும்னா முதல்ல என்ன செய்வீங்க?

செடி யாருன்னு கண்டுபிடிக்கணும். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பாதி ஆராய்ச்சி இங்கதான் கெட்டுப்போகுது. நாட்டு மருந்துக் கடையில "கீழாநெல்லி"ன்னு ஒரு பொட்டலம் வாங்கினா அதுல ரெண்டு மூணு வகை ஃபில்லாந்தஸ் இனச் செடி கலந்திருக்கும், தென்னிந்திய மார்க்கெட் சாம்பிள்களை சோதிச்சவங்க இதைப் பதிவே பண்ணியிருக்காங்க. ஒரே பேர்ல மதுரையில ஒரு செடியும் கன்னியாகுமரியில வேற செடியும் இருக்கும். அதனால பூ, காயோட செடியை எடுத்து, அழுத்திக் காயவெச்சு, கோயம்புத்தூர்ல இருக்குற இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனம் மாதிரி, திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல இருக்குற ராபினட் ஹெர்பேரியம் (காஞ்ச செடி மாதிரிகளை சேத்து வைக்கிற இடம்) மாதிரி இடத்துல காட்டி பேரை உறுதி பண்ணிக்கணும், ஒரு மாதிரியை நம்பர் போட்டு ஹெர்பேரியத்துல பத்திரமா வைக்கணும். அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் சந்தேகப்பட்டாலும் எடுத்துப் பாக்கலாம். எந்த மாசம், எந்த ஊரு, இலையா வேரான்னும் எழுதணும், ஏன்னா மழைக்கு முன்னாடி எடுத்த இலையும் பின்னாடி எடுத்த இலையும் உள்ள இருக்குற சரக்குல ஒண்ணா இருக்காது.

அப்பறம் நிழல்ல காயவெச்சு, பொடி பண்ணி, கரைப்பான்ல ஊறவெச்சு எக்ஸ்ட்ராக்ட். ஹெக்சேன், எத்தில் அசிடேட், மெத்தனால், தண்ணின்னு ஒவ்வொண்ணும் வேற வேற பொருளை இழுத்துட்டு வரும். இந்த இடத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். வைத்தியர் கொடுக்குறது தண்ணியில கொதிக்க வெச்ச கஷாயம், நாலுல ஒண்ணா சுண்டினது. லேப்ல பெரும்பாலும் போடுறது மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட். ரெண்டும் ஒரே பொருளே இல்ல. மெத்தனால்ல நல்ல ரிசல்ட் வந்துட்டு "பாரம்பரிய கஷாயம் நிரூபிக்கப்பட்டது"ன்னு எழுதுறது சரி கிடையாது, மெத்தனால்ல ஒண்ணும் வரலன்னு கஷாயத்தை ஒதுக்குறதும் சரி கிடையாது. வைத்தியர் எப்படி செய்யுறாரோ அதே மாதிரி ஒண்ணாவது செஞ்சு டெஸ்ட்ல சேக்கணும்.

செல் லைன் டெஸ்ட்னா என்ன? கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க.

நோயாளிங்க கட்டியில இருந்து எடுத்து, லேப்ல பெருகிட்டே இருக்குற செல்களுக்குத்தான் செல் லைன்னு பேரு. மார்பகத்துக்கு எம்சிஎஃப்-7, நுரையீரலுக்கு ஏ549, கல்லீரலுக்கு ஹெப்ஜி2, கர்ப்பப்பை வாய்க்கு ஹீலா. ஹீலா 1951ல ஹென்ரியட்டா லாக்ஸ்ங்குற அமெரிக்கப் பெண்மணியோட கட்டியில இருந்து, அவங்ககிட்ட கேக்காமலே எடுத்தது, இன்னும் உலகம் பூரா வளந்துட்டிருக்கு. நம்ம நாட்டுல பெரும்பாலும் புனேல இருக்குற தேசிய செல் அறிவியல் மையத்துல இருந்து வாங்குவாங்க.

செய்யுறது இப்படி. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதுல 96 சின்னச் சின்ன குழி. ஒவ்வொரு குழியிலயும் சில ஆயிரம் செல், மேல இளஞ்சிவப்பு நிறத்துல ஊட்டச்சத்து திரவம். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்குற இன்குபேட்டர்ல ஒரு நாள் வெச்சா செல்லெல்லாம் அடியில ஒட்டிக்கும். அப்பறம் எக்ஸ்ட்ராக்டை அஞ்சாறு அளவுல, ஒவ்வொரு அளவும் மூணு குழியில போடுவோம். ரெண்டு நாள் கழிச்சு எம்டிடின்னு ஒரு மஞ்சள் சாயம் விடணும். உயிரோட இருக்குற செல் மட்டும் அந்த மஞ்சளை ஊதா படிகமா மாத்தும், மைக்ரோஸ்கோப்புல பாத்தா செல்லுக்குள்ள இருந்து ஊதா ஊசி ஊசியா கிளம்பி நிக்கும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். படிகத்தை கரைச்சு மெஷின்ல 570 நானோமீட்டர்ல அளந்தா எத்தனை சதவீதம் செல் பொழைச்சிருக்குன்னு நம்பர் வரும். பாதி செல் போக எவ்ளோ மருந்து வேணுமோ அதுதான் ஐசி50.

இதுல ஒரு பொறி இருக்கு, மூலிகை வேலைக்கு முக்கியமானது. நம்ம செடிகள்ல ஆன்டிஆக்சிடன்ட் நிறைய, அது செல்லே இல்லாத குழியிலகூட மஞ்சளை நேரா ஊதாவா மாத்திடும். அப்போ செத்த செல்லும் உயிரோட இருக்குற மாதிரி கணக்கு வரும். செல் போடாம எக்ஸ்ட்ராக்டும் சாயமும் மட்டும் போட்ட குழி ஒரு வரிசை வைக்கலன்னா அந்த ரிசல்ட்டை நான் நம்ப மாட்டேன். எக்ஸ்ட்ராக்டை கரைக்கிற டிஎம்எஸ்ஓங்குற திரவம் மட்டும் போட்ட குழி வேணும், டாக்சோரூபிசின் மாதிரி தெரிஞ்ச மருந்து போட்ட குழி வேணும், எல்லாத்துக்கும் மேல கேன்சர் இல்லாத சாதாரண செல்லும் வேணும்.

சாதாரண செல் எதுக்கு?

குழிக்குள்ள ஒரு சொட்டு பினாயில் விட்டாலும் கேன்சர் செல் சாகும், அதை மருந்துன்னு யாரும் சொல்ல மாட்டோம். கேன்சர் செல்லுக்கு ஆகுற சேதம் நல்ல செல்லுக்கு ஆகுற சேதத்தைவிட எத்தனை மடங்கு அதிகம்ங்குறதுதான் கேள்வி. இந்த ஒரு நம்பர் இல்லாம எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரை வந்துட்டே இருக்கு.

ஐசி50 எவ்ளோ இருந்தா நல்ல செடின்னு அர்த்தம்?

அமெரிக்க தேசிய கேன்சர் நிறுவனத்தோட பழைய அளவுகோல்தான் இன்னும் எல்லாரும் சொல்றது, முழு எக்ஸ்ட்ராக்ட்னா மில்லிக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள்ள இருக்கணும், பிரிச்செடுத்த பொருள்னா 4க்குள்ள. மில்லிக்கு 300, 400 மைக்ரோகிராம்ல பாதி செல் செத்துச்சுன்னு எழுதி "சிறந்த புற்றுநோய் எதிர்ப்பு"ன்னு தலைப்பு வைக்கிறதெல்லாம் படிக்கிறப்போ மனசு கஷ்டமா இருக்கும், அந்த அளவுல சமையலறையில இருக்குற பல சாமானும் செல்லைக் கொல்லும்.

செல் மேல வேலை செஞ்சா உடம்புலயும் செய்யத்தானே வேணும்?

அப்படி இல்லங்க. கணக்கு போட்டுப் பாருங்க, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் தேவைன்னா, உடம்புல 5 லிட்டர் ரத்தம்னு வெச்சுக்கிட்டா அரை கிராம் பொருள் கரைஞ்சு ரத்தத்துலயே ரெண்டு நாள் அப்படியே நிக்கணும். வயித்துல அமிலம் இருக்கு, குடல் உறிஞ்சணும், கல்லீரல் வந்ததையெல்லாம் உடைச்சு வெளிய தள்ளும், இதையெல்லாம் தாண்டி கட்டிக்குள்ள போய் சேரணும்.

மஞ்சளை எடுத்துக்கோங்க. அதுல இருக்குற குர்குமினை லேப்ல எந்த கேன்சர் செல் மேல போட்டாலும் ஏதாவது பண்ணும், ஆயிரக்கணக்குல கட்டுரை இருக்கு. ஆனா பெரும்பாலும் 10, 20, 50 மைக்ரோமோலார் (கரைசலோட அடர்த்தியை சொல்ற அளவு) அளவுல. மனுசங்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமினை வாய் வழியா குடுத்துப் பாத்தப்போ ரத்தத்துல உச்சமா வந்தது 2 மைக்ரோமோலார்கூட இல்ல. 8 கிராம்ங்குறது மஞ்சள்தூள் இல்ல, சுத்தமான குர்குமின். போதாததுக்கு குர்குமின் பல டெஸ்ட்ல தானே நிறம் காட்டி, எல்லா புரதத்தோடயும் ஒட்டி, வேலை செய்யுற மாதிரி பொய்யா சிக்னல் குடுக்கும், 2017ல மருந்து வேதியியல்காரங்க இதை விலாவாரியா எழுதினாங்க. சாம்பார்ல மஞ்சள் போடாதீங்கன்னு சொல்லல, தாராளமா போடுங்க, கேன்சர் மருந்துன்னு நம்பி மாத்திரையா வாங்கி சிகிச்சைக்கு பதிலா சாப்பிடாதீங்க.

முள்சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு சக்தின்னு வாட்ஸ்அப்ல வருதே?

இது எங்கிருந்து கிளம்புச்சுன்னு சொல்றேன், அடுத்த தடவை யாராவது அனுப்பினா உதவும். 1996ல அமெரிக்காவோட பர்டூ யூனிவர்சிட்டி ஆளுங்க முள்சீத்தா விதையில இருந்து ஒரு பொருளைப் பிரிச்சாங்க. ஒரே ஒரு குடல் புற்று செல் லைன் மேல அது அட்ரியாமைசினைவிட (டாக்சோரூபிசின்ங்குற கீமோ மருந்தோட இன்னொரு பேர்) 10,000 மடங்கு கம்மியான அளவுலயே வேலை செஞ்சுதுன்னு எழுதினாங்க. அது உண்மைதான். ஆனா அது விதையில இருந்து பிரிச்ச ஒத்தைப் பொருள், தட்டுல, ஒரு செல் லைன்ல. பழத்துக்கோ இலைக் கஷாயத்துக்கோ மனுசனுக்கோ அந்தக் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லல. அந்த நம்பரை மட்டும் புடுங்கி பழத்து படத்துக்குக் கீழ ஒட்டிட்டாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தப் பொருள் குடும்பம் செல்லோட மைட்டோகாண்ட்ரியாவை, அதாவது சக்தி தயாரிக்கிற இடத்தை அடைக்கும். மூளை நரம்பு செல்லுக்கும் அதே சக்திதான் வேணும். கரீபியன் கடல்ல குவாதலூப் தீவுல இந்தப் பழமும் இலை டீயும் அதிகமா எடுத்துக்கிட்டவங்ககிட்ட பார்க்கின்சன் மாதிரி ஒரு நோய் வழக்கத்தைவிட அதிகமா இருந்ததை 1999ல பதிவு பண்ணாங்க. எப்பவாவது பழம் சாப்பிடுறதுக்கு பயப்பட வேணாம், தினமும் ரெண்டு வேளை இலைக் கஷாயம்னு மாசக்கணக்குல போறவங்க யோசிக்கணும்.

எலிக்கு எப்படி டெஸ்ட் பண்றாங்க?

முதல்ல நெறிமுறைக் குழு அனுமதி, அது இல்லாம ஒரு எலியைத் தொடக் கூடாது. நம்ம நாட்டு காலேஜ்கள்ல அதிகமா பண்றது எர்லிக், டால்டன்னு ரெண்டு வகை கட்டி செல்லை வெள்ளை எலியோட வயித்துக்குள்ள ஊசியில போடுறது. வயித்துல நீர் கோத்து எலி எடை ஏறும், மருந்து குடுத்த கூட்டம் எவ்ளோ நாள் அதிகமா உயிரோட இருக்குன்னு பாப்பாங்க. செலவு கம்மி, சீக்கிரம் முடியும். குறை என்னன்னா மருந்தையும் அதே வயித்துக்குள்ளயே ஊசி போட்டுட்டா, செல் மேல நேரா ஊத்துற தட்டு டெஸ்டோட இன்னொரு வடிவம்தான் அது. வாய் வழியா குடுத்துப் பாத்தாங்களா, கட்டி வேற இடத்துல இருந்துச்சான்னு கேளுங்க. அதுக்கு அடுத்த படி, எதிர்ப்பு சக்தி இல்லாத எலிக்கு மனுசக் கட்டியை தோலுக்கு அடியில வளத்து, காலிபர்ங்குற அளவுகோல்ல கட்டியை அளந்து பாக்குறது.

இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதுல்ல?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தியே பதில் சொல்லணும். ஈஸ்வரமூலி தெரியும்ல, பாம்புக்கடிக்கு பெருமருந்துன்னு சொல்ற கொடி. 1960கள் ஆரம்பத்துல மோரிஸ் குப்சன்ங்குற அமெரிக்க கெமிஸ்ட், செடியில இருந்து கட்டி எதிர்ப்புப் பொருள் தேடுறதுல பெரிய ஆளு, இந்தக் கொடியில இருந்து அரிஸ்டோலோகிக் அமிலத்தைப் பிரிச்சு இதுதான் கட்டியை அடக்குற பொருள்னு எழுதினாரு. எலியில வேலை செஞ்சுது. 1964ல கேன்சர் நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்தப்போ கிட்னி கெட்டுப்போச்சு, நிறுத்திட்டாங்க. 1980கள்ல எலிங்களுக்கு இதே பொருள் கேன்சரை உண்டாக்குதுன்னு தெரிஞ்சுது.

அப்பறம் 1990கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல ஒரு உடல் எடை குறைக்கிற கிளினிக்ல சீன மூலிகை ஒண்ணுக்கு பதிலா, சீனப் பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்ததால, இந்த அரிஸ்டோலோகியா குடும்பத்து செடி கலந்து போச்சு. சுமார் நூறு பெண்களுக்கு கிட்னி போச்சு, பலருக்கு பின்னாடி சிறுநீர்ப் பாதையில கேன்சரும் வந்துச்சு. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு இதை மனுசனுக்கு நிச்சயமா கேன்சர் உண்டாக்குற பட்டியல்ல, புகையிலை இருக்குற அதே முதல் பிரிவுல வெச்சிருக்கு. நம்ம ஆடுதீண்டாப்பாளையும் இதே அரிஸ்டோலோகியா இனம்தான்.

எலியில கட்டியை அடக்குன ஒரு பொருள், மனுசனுக்கு கேன்சரையே கொண்டு வருது. தட்டுலயும் எலியிலயும் பாஸ் ஆனதும் நிறுத்திட்டு மருந்துன்னு வித்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. செடியோட பேரை உறுதி பண்ணணும்னு மேல அவ்ளோ நீளமா எழுதினதுக்கும் காரணம் இதான்.

ஒத்தைப் பொருளா பிரிச்சா முழு மூலிகையோட பலன் போயிடும்னு சித்த வைத்தியர்கள் சொல்றாங்களே, அதுல நியாயம் இருக்கா?

இருக்கு. பல பொருள் சேர்ந்து வேலை செய்யுறது நடக்கக்கூடியதுதான், சில சமயம் முழு எக்ஸ்ட்ராக்ட் வேலை செய்யும், பிரிச்சுக்கிட்டே போனா கடைசியில எந்தக் குப்பியிலயும் வேகம் இருக்காது, எங்களுக்கே நடந்திருக்கு. ஆனா அதனால டெஸ்டே பண்ண முடியாதுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். முழு எக்ஸ்ட்ராக்டாவே டெஸ்ட் பண்ணி அனுமதி வாங்கின மருந்து இருக்கு, பச்சைத் தேயிலை எக்ஸ்ட்ராக்ட்ல செஞ்ச களிம்பு 2006ல அமெரிக்காவுல பிறப்புறுப்பு மருவுக்கு அனுமதி வாங்குச்சு. யேல் யூனிவர்சிட்டியில யுங்-சி செங் குழு, 1800 வருஷப் பழமையான நாலு மூலிகை சீனக் கஷாயத்தை அப்படியே எடுத்து, கீமோவோட சேத்து குடுத்து, குடல் பக்கவிளைவு குறையுதான்னு மனுசங்ககிட்ட பாத்தாங்க. அவங்க முதல்ல உக்காந்து சாதிச்சது என்னன்னா ஒவ்வொரு தடவை காய்ச்சினதும் ஒரே மாதிரி இருக்கான்னு கெமிக்கல் கைரேகை எடுத்து ஒப்பிட்டதுதான். இன்னைக்குக் காய்ச்சினதும் அடுத்த வருஷம் காய்ச்சுறதும் ஒண்ணா இருந்தா, அதை டெஸ்ட் பண்ணலாம். நம்ம சித்த மருந்துக்கும் இதே வழி திறந்தே இருக்கு.

சித்த வைத்தியத்துல வர்ற சேங்கொட்டை, ரசகந்தி மெழுகு பத்தி ஆராய்ச்சி இருக்கா?

சேங்கொட்டைக்கு இருக்கு. சென்னை பல்கலைக்கழகத்துல கல்லீரல் கட்டி வரவெச்ச எலிகளுக்கு சேங்கொட்டை பால் எக்ஸ்ட்ராக்ட் குடுத்து பல வருஷம் வேலை பண்ணியிருக்காங்க, எலியில நல்ல ரிசல்ட் வந்திருக்கு. பாலும் நெய்யும் சேத்து செய்யுற பழைய முறையை ஒட்டியே பண்ணாங்கங்குறது எனக்கு சந்தோஷம். ஆனா சுத்தி செய்யாத சேங்கொட்டையோட சாறு தோல்ல பட்டாலே கொப்புளம் கிளம்பும், வீட்ல தொடவே வேணாம். ரசகந்தி மெழுகுல பாதரசமும் கந்தகமும் சேருது, அதனால கிட்னி ரிப்போர்ட்டை கூடவே பாத்துக்கிட்டு, பட்டம் படிச்ச சித்த மருத்துவர் மேற்பார்வையில மட்டும்தான். ரெண்டுக்குமே மனுசங்ககிட்ட பெரிய அளவுல, ஒப்பிட்டுப் பாக்குற கூட்டத்தோட டெஸ்ட் நடக்கணும், நம்ம ஊர் ஆராய்ச்சிப் பணம் அதுக்குப் போகணும்ங்குறது என்னோட ஆசை.

எத்தனை செடி டெஸ்ட் பண்ணா ஒரு மருந்து தேறும்? எத்தனை வருஷம் ஆகும்?

அமெரிக்க தேசிய கேன்சர் நிறுவனம் 1960ல இருந்து 1982 வரைக்கும் ஒரு லட்சத்துக்கும் மேல எக்ஸ்ட்ராக்டை சோதிச்சுது, அதுல மருந்தா தேறினதை விரல் விட்டு எண்ணிடலாம். நம்ம லக்னோவுல மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் 1960கள்ல இருந்தே இந்தியச் செடிகளை வரிசையா டெஸ்ட் பண்ணுச்சு.

வருஷக் கணக்குக்கு டாக்சாலைப் பாருங்க. 1962 ஆகஸ்ட்ல ஆர்தர் பார்க்லேங்குற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காட்டுல பட்டையை எடுத்தாரு. மன்றோ வாலும், இந்தியாவுல பிறந்த மன்சுக் வானியும் பிரிச்சு அமைப்பை 1971ல வெளியிட்டாங்க. ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல, தண்ணியில கரையாது, பட்டை உரிச்சா மரம் செத்துடும். 1979ல சூசன் ஹார்விட்ஸ், இது செல் பிரியும்போது உள்ள இருக்குற நுண்குழாய்களை கலைய விடாம இறுக்கிப் பிடிச்சு நிறுத்துதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் அப்படி வேலை செய்யுற மருந்தே இல்ல, அப்பறம்தான் உயிர் வந்துச்சு. சினைப்பைப் புற்றுக்கு அனுமதி 1992 டிசம்பர்ல. முப்பது வருஷம். மரத்தை வெட்ட வேணாம்னு ஐரோப்பிய யூ மரத்தோட இலையில இருந்து பாதிப் பொருளை எடுத்து மீதியை லேப்ல சேக்குற வழியும் பின்னாடி வந்துச்சு.

கீமோ நடக்கும்போது கூடவே மூலிகை சாப்பிடலாமா?

டாக்டர்கிட்ட சொல்லாம சாப்பிடாதீங்க. திட்டுவாருன்னு பயந்து மறைக்கிறாங்க, அதுதான் ஆபத்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்குற மூலிகை இரினோடெகானோட வேலை செய்யுற பொருளை ரத்தத்துல 40 சதவீதத்துக்கும் மேல குறைச்சதை அளந்தே காட்டியிருக்காங்க. பச்சைத் தேயிலையில இருக்குற பொருள் போர்டிசோமிப்ங்குற கேன்சர் மருந்தோட ஒட்டி அதை செயலிழக்க வைக்கிறதை லேப்லயும் எலியிலயும் பாத்திருக்காங்க. மிளகுல இருக்குற பைப்பரின் மருந்தை உடைக்கிற என்சைமை தடுக்கும், ரசத்துல போடுற அளவு ஒண்ணும் பண்ணாது, மாத்திரையா அடர்த்தியா எடுத்தா வேற கதை.

சிகிச்சையை விட்டுட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுக்கலாமான்னா, வேணாம். 2018ல யேல் ஆளுங்க அமெரிக்க நோயாளிகள் பதிவேட்டை எடுத்து, பரவாத நிலையில இருந்தும் மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த 281 பேரை, அதே மாதிரி நோய் இருந்து வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோட ஒப்பிட்டாங்க. இறக்குற அபாயம் 2.5 மடங்கு, மார்பகப் புற்றுல 5 மடங்குக்கும் மேல. இதெல்லாம் குணமாகியிருக்கக்கூடிய நிலையில இருந்தவங்க.

வீட்ல நித்தியகல்யாணி இருக்கு, தினம் ரெண்டு பூ போட்டு தண்ணி குடிக்கலாமா?

வேணாம். மருந்துல நரம்பு மரத்துப்போறதும் வெள்ளை அணு குறையுறதும் ஆஸ்பத்திரியிலயே கவனிச்சு கவனிச்சு குடுக்குற விஷயம். உங்க செடியில எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

நம்ம செடியில மருந்து கண்டுபிடிச்சா லாபம் யாருக்குப் போகும்?

நித்தியகல்யாணியோட சொந்த ஊர் மடகாஸ்கருக்கு அந்த லாபத்துல பங்கு போகல, அப்போ அதுக்கு சட்டமும் இல்ல. இப்போ நம்மகிட்ட 2002 பல்லுயிர் சட்டம் இருக்கு, தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையிலயேதான் இருக்கு, வெளிநாட்டுக் கம்பெனி நம்ம செடியை எடுத்துட்டுப் போகணும்னா அங்க போயாகணும். அகத்தியமலை காணி மக்கள் காட்டிக் குடுத்த ஆரோக்கியபச்சைங்குற செடிக்கு கேரளாவுல 1990கள்ல லாபத்துல பங்கு குடுத்தது உலகத்துக்கே முன்னுதாரணம். லாபத்தோட செடியும் பத்திரமா இருக்கணும், மேற்குத் தொடர்ச்சி மலையில நோதபோடைட்டஸ்னு ஒரு சின்ன மரம், அதுல காம்ப்டோதெசின் இருக்குன்னு 1970கள் தொடக்கத்துலயே டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்பறம் வேரோட வெட்டி வெட்டி ஏற்றுமதி பண்ணி பல இடத்துல மரமே அரிதாயிடுச்சு.

எங்க குடும்பத்துல தலைமுறையா ஒரு கட்டி மருந்து இருக்கு, குணமான ஆளுங்களும் இருக்காங்க. எங்க போய் டெஸ்ட் பண்ணலாம்?

சென்னை அரும்பாக்கத்துல சித்த மத்திய ஆராய்ச்சி நிலையம், தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம், ரெண்டுலயும் போய் பேசுங்க. எழுத்துல ஒப்பந்தம் போடாம மருந்தோட முழு விவரத்தை யார்கிட்டயும், எங்களை மாதிரி லேப்காரங்ககிட்டயும், குடுத்துடாதீங்க.

போகும்போது மருந்துப் பொட்டலத்தைவிட முக்கியமா எடுத்துட்டுப் போக வேண்டியது குணமானவங்களோட பேப்பர். அமெரிக்க தேசிய கேன்சர் நிறுவனம் 1991ல இருந்து மாற்று வைத்தியக்காரங்ககிட்ட கேக்குறதும் இதேதான். அது கேன்சர்தான்னு சொல்ற பயாப்சி ரிப்போர்ட், மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன், பின்னாடி எடுத்த ஸ்கேன், ரெண்டுலயும் கட்டியோட அளவு, அந்த நேரத்துல கீமோவோ ரேடியேஷனோ ஆபரேஷனோ நடக்கலங்குறதுக்கு ஆதாரம். "கட்டி கரைஞ்சுச்சு"ன்னு வர்றவங்கள்ல பலபேருக்கு பயாப்சியே எடுத்திருக்க மாட்டாங்க, சீழ்க்கட்டியோ காசநோய் நெறிக்கட்டியோ கொழுப்புக் கட்டியோகூட இருந்திருக்கலாம். குணமாகாம போனவங்க பேரையும் மறைக்காம எழுதிட்டுப் போங்க, பத்துப் பேருக்குக் குடுத்து ரெண்டு பேருக்குக் கேட்டுச்சுன்னா அந்த எட்டுப் பேர் விவரமும் வேணும். பழைய ஸ்கேன் ஃபிலிம் ஆஸ்பத்திரியில ரொம்ப வருஷம் வெச்சிருக்க மாட்டாங்க, அதனால ஜெராக்ஸும் சிடியும் இப்பவே கேட்டு வாங்கிடுங்க.